என் ஓரகத்தியின் மலை

ஆறு பாட்டில்களிலும் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, முதுகுப் பைக்குள் நிற்கவைத்து, அவை உருளாமல் இருக்க நடுவில் ஒரு பழைய துண்டைத் திணித்துக்கொண்டு அவள் படியேறத் தொடங்கும்போது காலை ஆறு மணி. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு லிட்டர். மருத்துவமனைக்கு ஏழு மாடி. ஏழாவதையும் தாண்டி மொட்டைமாடிக்குப் போனதும், மருந்தகத்துக்காரர் வளர்க்கும் தக்காளித் தொட்டிகளிலும் பக்கத்து டிரம்மிலுமாக அவ்வளவு தண்ணீரையும் ஊற்றிவிடுவாள். காலிப் பாட்டில்களோடு லிஃப்டில் இறங்குவாள். மறுபடி குழாய், மறுபடி படி. இப்படி ஆறு நடை. ஏழரைக்கு முகம் கழுவி நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு, அதே லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தால் மாலை நாலு வரை அங்கேதான். கட்டிலோடு நோயாளிகளை ஏற்றும் பெரிய லிஃப்டை இயக்குவது அவள் வேலை.

"தண்ணியை எதுக்குக் கொட்டுற? அப்படியே சுமந்துக்கிட்டு இறங்கினா இன்னும் நல்லதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன். எதிலாவது அவள் தப்பு செய்கிறாளா என்று பார்ப்பது என் வழக்கம்.

"ஏறும்போது சுமை நெஞ்சுக்கு அக்கா. இறங்கும்போது முட்டிக்கு. நெஞ்சு பெருகணும், முட்டி தேயக்கூடாது. ரெண்டையும் ஒரே நாள்ல செலவழிச்சா அப்புறம் என்னத்தை வச்சு ஏறுறது?"

தப்பு செய்யவில்லை.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். வயது நாற்பத்து நாலு. குள்ளம், கொஞ்சம் பருமன், தட்டைப் பாதம். ஏழு வருடங்களில் ஐந்து முறை மலையேறியிருக்கிறாள், ஐந்தும் நன்கொடை திரட்டுவதற்காக. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்குப் பொறாமை. பத்திரிகையிலிருந்து, "நீங்க ஒரே வீட்டிலேயே இருக்கீங்க, நீங்களே அவங்களைப் பத்தி எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டபோது, என்னைப் பற்றி எழுதச் சொல்லி அவளிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் புவியியல் நடத்துகிறேன். மலைத்தொடர்களை வரிசையாக, உயரத்தோடு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பனிக்கோடு என்றால் என்ன, காற்று எந்த உயரத்தில் எவ்வளவு மெலியும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் மலை என்று ஒன்றில் நான் கால் வைத்ததில்லை. அவளோ பத்தாம் வகுப்பில் புவியியலில் தவறியவள்.

எதையும் அவள் மாடிக் கணக்கில்தான் சொல்வாள். கடைத்தெரு எவ்வளவு தூரம் என்றால், "நம்ம ஆஸ்பத்திரி மாடிகளைப் படுக்க வச்சா ஒரு இருபது மாடி." என் மாமியாருக்குக் கோபம் வந்தால், "அத்தை இப்ப அஞ்சாவது மாடியில இருக்காங்க, கீழ வரட்டும், பேசிக்கலாம்." லிஃப்டுக்குள் ஏறுகிறவரின் கையைப் பார்த்தே பொத்தானை அமுக்கிவிடுவாள். "பூ கொண்டு வந்தா நாலாவது மாடி, பிரசவம். எக்ஸ்ரே கவரைத் தூக்கிட்டு வந்தா ரெண்டு. வெறுங்கையோட வந்து, கதவையே பாத்துக்கிட்டு நின்னா அஞ்சு."

ஐந்தாவது மாடி, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளின் பிரிவு.

அவ்வளவு மலையேறுகிறவள் வீட்டில் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறமாட்டாள். "ஐயோ, தலை சுத்தும் அக்கா. அதுக்குக் கீழ பிடிமானம் ஒண்ணுமில்லையே" என்பாள். அவள் வீட்டுப் பல்பையும் நான்தான் மாற்றுகிறேன். அந்த ஒரு காரியத்தில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லாம் தொடங்கியது ஒரு முக்காலியில். ஐந்தாவது மாடிக் குழந்தை ஒன்றின் தாய், பிள்ளை பெற்ற பத்தாம் நாள், நாளெல்லாம் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் மேலேயிருந்து அனுப்பிவிடுவார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் போய் உட்காருவாள். அங்கே காவலாளி எழுப்பிவிடுவார்.

"வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வரலாமேம்மா" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். குழந்தைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் எடுத்துக் குடுக்கணுமே. கழிவறையில நின்னுக்கிட்டுத்தான் எடுக்குறேன்."

அன்றைக்கு இவள் தன் முக்காலியை அந்தத் தாய்க்குக் கொடுத்துவிட்டு வேலை முடியும்வரை நின்றிருக்கிறாள். மறுநாளும். குழந்தை வீட்டுக்குப் போகும்வரை இருபத்தாறு நாள்.

அதே மாதம் ஓர் அறக்கட்டளை லிஃப்டின் சுவரில் விளம்பரம் ஒட்டியது. மலையேறுங்கள், உங்களுக்குப் பிடித்த நற்காரியத்துக்கு நிதி திரட்டுங்கள் என்று பனிமலைப் படத்தோடு. டாக்டர்கள் பார்த்தார்கள், மாடி வந்ததும் இறங்கிப் போனார்கள். இவளால் இறங்க முடியாதே. "தினம் எட்டு மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நீங்களும் போயிருப்பீங்க அக்கா" என்றாள் என்னிடம். நான் போயிருப்பேனா என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது மாடித் தாய்மார்களுக்கென்று ஓர் அறை. படுக்க, குளிக்க, மறைவாக உட்கார்ந்து பால் எடுக்க. அதைத்தான் அவள் தன் நற்காரியமாக எழுதிக்கொடுத்தாள். நிர்வாகம் சாமான் அறை ஒன்றைத் தருவதாகச் சொன்னது. மற்றதை இவள் திரட்ட வேண்டும்.

திரட்டும் விதத்தைப் பார்க்க வேண்டுமே. லிஃப்டின் கதவு மூடியதும் தொடங்குவாள். "டாக்டர், என் மலையில ஒரு கட்டம் எடுத்துக்கங்க." ஏழாவது மாடி வருவதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும். ஆள் தப்பிக்க வழியில்லை. கட்டம் என்பது இதுதான்: மலையின் படத்தை அடியிலிருந்து உச்சிவரை நூறு கட்டமாகப் பிரித்து லிஃப்டில் ஒட்டியிருப்பாள். நன்கொடை தருகிறவர் தனக்குப் பிடித்த உயரத்தில் ஒரு கட்டத்தில் கையெழுத்திடலாம். அந்தக் கட்டத்தை அவர் சார்பில் இவள் ஏறுவாள். அடிவாரக் கட்டங்களைத் துப்புரவுப் பணியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். "நாங்க கீழ இருந்து தள்ளிவிடுறோம், நீ போ" என்பார்களாம்.

அந்தப் படங்களை வரைந்தவள் நான். "அக்கா, மலையை உங்களை மாதிரி யாருக்கு வரையத் தெரியும்?" என்று தாளும் பென்சிலுமாக வந்து நின்றாள். வரைந்து கொடுத்தேன், அளவு பிசகாமல். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் என் முதலெழுத்தையும் போட்டேன். லிஃப்டில் ஒட்டும்போது சட்டகம் அதை மறைத்துவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீட்டில் எனக்கு இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கூடத்தில் என் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது கயிறும் தொப்பியுமாக அவள் நிற்கும் படம். என் படம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில். வருகிறவர்களிடம் என் மாமியார், "இது என் சின்ன மருமக, பனியில நிக்கிறா பாருங்க" என்று காட்டிவிட்டு, நான் தேநீரோடு வந்தால், "இவ பெரியவ, டீச்சர்" என்பார். கொழுந்தனோ, அவள் மலைக்குப் போன நாட்களில் காலையில் எழுந்ததும் அந்த மலையின் வானிலையை உரக்கப் படிப்பார். காற்றின் வேகம், பனிப்பொழிவு, இரவுக் குளிர். என் கணவர் நல்லவர்தான். ஆனால் நான் பரீட்சைக் கண்காணிப்புக்கு வெளியூர் போனபோது அங்கே மழையா வெயிலா என்று அவர் கேட்டதில்லை.

உச்சகட்டம் எங்கள் பள்ளியின் விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினராக அவளை அழைத்துவிட்டார்கள். "உங்க வீட்டு ஆள்தானே, அறிமுக உரை நீங்களே வாசிச்சுடுங்க" என்றார் தலைமையாசிரியை. நானே எழுதி நானே வாசித்தேன். பிள்ளைகள் கைதட்டிய தட்டலில் மேடைத் துணி அதிர்ந்தது. இவள் ஒலிபெருக்கி முன்னால் நின்று, "எனக்குப் பேச வராது. எந்த மாடி வேணும்னு கேட்டா கொண்டுபோய் விடுவேன், அவ்வளவுதான்" என்றாள். மைதானமே சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் வகுப்பில் பிள்ளைகள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று மாலைதான் ஐந்தாவது மலைக்கான படத்தில் கையெழுத்திடச் சொல்லிக் கேட்டாள். நான் உச்சிக் கட்டத்தைக் காட்டினேன். நன்கொடை உறையைக் கொடுக்கும்போது, "நீ உச்சியைத் தொட்டாத்தான் இது. இல்லேன்னா இல்ல" என்றேன். பக்கத்தில் இருந்த என் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவள் மட்டும் மலர்ந்துபோய், "அப்படித்தான் அக்கா இருக்கணும்" என்று உறையை வாங்கித் தனியாக வைத்தாள்.

அந்த ஐந்தாவதுதான் அவள் ஏறியதிலேயே பெரிய மலை. உச்சிக்கு நூற்றைம்பது மீட்டர் இருக்கும்போது, அவளோடு ஒரே கயிற்றில் வந்த பெண்மணி, ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நேராக நடக்க முடியாமல் கோணல்மாணலாகக் கால் வைத்திருக்கிறார். பேச்சு குழறியிருக்கிறது. அந்த உயரத்தில் அது ஆபத்தின் அடையாளம். உடனே இறக்கியாக வேண்டும். வழிகாட்டி இவளிடம், "நான் இவங்களைக் கூட்டிட்டு இறங்கறேன். நீங்க பின்னால வர்ற குழுவோட சேர்ந்து மேல போங்க" என்றிருக்கிறார். அந்தப் பெண்மணி இவள் சட்டைக் கையைப் பிடித்திருந்தவர் விடவில்லையாம். இவள் இறங்கிவிட்டாள்.

செய்தி ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தது. நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொழுந்தன் கீழேயிருந்து, "அண்ணி, உச்சிக்குப் போகலையாம்! ஆனா பத்திரமா இறங்கிட்டாளாம்!" என்று கத்தினார். அவர் குரலில் அழுகையும் நிம்மதியும் கலந்திருந்தன. நான், "அடடா" என்றேன். பிறகு மிச்சத் துணியை உதறிப் போட்டேன். ஒவ்வொரு உதறலும் பட்பட்டென்று தெறித்தது. கொடியின் கடைசிக்கு வந்தபோதுதான், நான் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பது எனக்கே காதில் விழுந்தது.

நான்கு நாள் கழித்து வந்தாள். மூக்கிலும் கன்னத்திலும் தோல் உரிந்து, உதடு வெடித்து, ஆளே பாதியாக. "நூத்தம்பது மீட்டர் அக்கா. நம்ம ஆஸ்பத்திரியை ஒண்ணு மேல ஒண்ணா ஆறு தடவை அடுக்கினா அவ்வளவுதான். எட்டிப் பாத்தா தெரியுது" என்றாள். அழவில்லை. குளிக்கக்கூடப் போகாமல் மருத்துவமனைக்குப் போய், படத்தில் தான் ஏறாத கட்டங்களைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். மூன்று கட்டங்கள். அந்த உயரத்தில் கையெழுத்திட்ட மூன்று பேரையும் தேடிப்போய், "அந்த உயரம் நான் ஏறல. உங்க நன்கொடையைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள்.

இதயப் பிரிவு டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். சமையலறை மேற்பார்வையாளர் அவளைத் திட்டியே அனுப்பினார்: "உனக்குக் கிறுக்கா? ஒரு உயிரைக் கொண்டுவந்து சேர்த்துட்டு, கட்டத்தை வெட்டிக்கிட்டு வந்து நிக்கிற!"

மூன்றாவது ஆள் நான். மாடியேறி வந்து, பிரிக்காத அந்த உறையை நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

ஏன் வாங்கினேன் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்ன சொல் சொன்னதுதானே, அவளே மதிப்பாள், இப்படி. உண்மை இதுதான்: அவள் ஒன்றைச் செய்யவில்லை என்பதற்கு என் கையில் ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது.

அவள் வாசற்படியிலேயே நின்றாள். "மத்த ரெண்டு பேரும் என்னைப் பாத்துப் பாவப்பட்டாங்க அக்கா. நீங்க ஒருத்தர்தான் பாவம் பாக்கல. என்னை மலையேறுறவளா மதிச்சது நீங்க மட்டும்தான்" என்றாள். வெடித்த உதட்டால் சிரித்ததில் ரத்தம் கசிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

குத்திக்காட்டினாளோ என்று அன்று முழுதும் அந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு முள்ளும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மறுநாள் அந்த உறையைக் கொண்டுபோய் மருத்துவமனையின் நன்கொடைப் பெட்டியில், யாரும் பார்க்காதபோது போட்டேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் சந்தோஷப்பட்டிருப்பாள், அதை என்னால் தாங்க முடியாது.

அறை திறந்தாயிற்று. எட்டுக் கட்டில், இரண்டு குளியலறை, பாலை வைக்க ஒரு சின்ன குளிர்பெட்டி, மறைப்புத் துணி தொங்கும் நான்கு சாய்வு நாற்காலி. திறப்பு விழாவில் அவளை மேடையில் காணோம். தேடினால், விருந்தினர்களை ஐந்தாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். "யாராவது ஏத்தணுமில்ல?" என்றாள். ரிப்பன் வெட்டியவரைவிட அவளைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், லிஃப்டை நிறுத்தி நிறுத்தி.

சென்ற மாதம், அந்த அறையின் பராமரிப்புக்காக மருத்துவமனை ஒரு குன்றேற்றம் வைத்தது. ஊருக்கு வெளியே உள்ள சாதாரணக் குன்று. அரை நாளில் ஏறி இறங்கிவிடலாம். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்கள். "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டேன். வீடே வாயைப் பிளந்தது. என் கணவர், "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். நல்ல காரியத்துக்குத்தானே என்றேன். ஒரே ஒரு தடவை, ஏதாவது ஓர் உச்சியில் நான் நின்று, அவள் எனக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை எப்படி வீட்டில் சொல்வது?

மூன்று வாரம் பள்ளியின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகினேன். அது எதற்கும் உதவவில்லை. முதல் அரை மணியிலேயே மூச்சு வாய் வழியாக வந்தது. அவள் எனக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காய்கறிக் கடைக்குப் போவதுபோல நடந்தாள்.

"பேசாதீங்க அக்கா. பேச்சுக்குப் போற மூச்சைக் காலுக்குக் குடுங்க."

"நீ மட்டும் பேசுறியே."

"நான் பழகினவ. நில்லுங்க, உக்காராதீங்க. உக்காந்தா குன்று நம்ம மேல ஏறிடும்."

பாதி வழியில் என் பையை வாங்கித் தன் பையோடு மாட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல மூச்சு இல்லை. மற்றவர்கள் எங்களுக்கு வெகு கீழே, மரங்களுக்கிடையில் வண்ணவண்ணத் தொப்பிகளாகத் தெரிந்தார்கள். கடைசி ஏற்றம் வெறும் கல். உச்சியில் யாரோ கற்களைக் கூம்பாக அடுக்கியிருந்தார்கள். அது தெரிந்தபோது அவள் எனக்குப் பத்தடி முன்னால் இருந்தாள். எப்போதும்போல. இன்னும் இருபது அடி எடுத்து வைத்தால் அவள் அங்கே நின்றுவிடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் வேர்வையா வேறெதுவுமா என்று தெரியாத எரிச்சல். என் காலையும் கல்லையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

நிமிர்ந்தபோது அவள் பாதையை விட்டு ஒதுங்கி, ஒரு பாறையில் காலைத் தூக்கி வைத்துக் குனிந்திருந்தாள்.

"நீங்க போங்க அக்கா. லேஸ் அவுந்துடுச்சு, கட்டிட்டு வரேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நான் அவளைக் கடந்தேன். கடக்கும்போது பார்த்தேன். இரட்டை முடிச்சாக இறுகியிருந்த லேஸை, நகத்தால் கிளறிக் கிளறி, அவள் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.